மயக்கத்துக்கு முழுப் பாதுகாப்பு

தில்லியில் ஆறு மாடிக்கு ஒரு கட்டிடம் எழுப்பி, வாசலில் நாலு குரோட்டன்ஸ் தொட்டி வைத்து, துப்பாக்கி இல்லாத ஒரு காவலாளியையும் நிறுத்திவிட்டால் போதும், உள்ளே ஏதோ முக்கியமான காரியம் நடக்கிறது என்று ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள். ஏஷியாட் விளையாட்டுகள் முடிந்த அடுத்த வருஷம் ஊழியர் ஆரோக்கியக் காப்பீட்டு வாரியம் லோதி ரோட்டுப் பக்கம் அப்படியொரு கட்டிடத்துக்குக் குடிவந்தது. அரைச் சர்க்கார் ஸ்தாபனங்களில் வேலை பார்க்கிறவர்களுடைய சம்பளத்தில் மாதாமாதம் ஒரு துண்டைப் பிடித்துக்கொள்வதும், அவர்களுக்கு நோய் வந்தால் பார்த்துக்கொள்வதும் அதன் வேலை. இதில் முதல் பாதியை வாரியம் ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை.

வாசல் பளிங்கில் வாரியத்தின் கொள்கையைப் பொன்னெழுத்தில் பொறித்திருந்தார்கள்: 'நோயாளியே எங்கள் எஜமானர்.' எஜமானர்கள் பின்பக்கமாக வரவேண்டும் என்று அதற்குக் கீழே ஓர் அம்புக்குறி போட்டிருந்தது.

அந்த அம்புக்குறியைப் பின்பற்றிப் போனவர்களில் தேவநேசனும் ஒருவர். நாசரேத் பக்கத்துக்காரர். தானியக் கிடங்கு ஸ்தாபனம் ஒன்றில் குமாஸ்தா. ஆர்.கே.புரத்தில் இரண்டு அறை குவார்ட்டர்ஸ். யாரோடும் சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால்கூட இவர்தான் "ஸாரி பாயி சாப்" என்பார். அவர் மனைவி இன்பராணி அப்படியில்லை. தமிழ் சொல்லிக்கொடுக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தப்பு எங்கே இருந்தாலும் அவளுக்குச் சிவப்பு மையால் சுழித்தாக வேண்டும்.

இன்பராணிக்குக் கல்லூரி நாளிலிருந்தே சர்க்கரை வியாதி. இரண்டு வேளையும் தானே இன்சுலின் போட்டுக்கொள்வாள். கல்யாணமாகி முதலில் உண்டான குழந்தை எட்டாம் மாதம் ஒரு காலையில் அசையாமல் போய்விட்டது. ஏன் என்று கேட்டதற்கு, சர்க்கரை கூடிக் குறைந்து கூடிக் குறைந்து குழந்தை தாங்கவில்லை என்றார்கள். அது எப்போது கூடியது, எப்போது குறைந்தது என்று வயிற்றில் சுமந்தவளுக்கே தெரியாது. சிறுநீரை நீலத் தண்ணீரில் கொதிக்கவைத்து நிறம் பார்ப்பதுதான் அன்றைக்கு வழக்கம். நிறம் சொல்கிற சேதி எப்போதும் பழைய சேதி.

அதற்குப் பிறகு சில வருஷம் அவர்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மறுபடியும் அவள் உண்டானபோது, பெரிய ஆஸ்பத்திரியில் வார்த்தைகளைச் சிக்கனமாகச் செலவழிக்கிற ஒரு பெண் டாக்டர் சொன்னார்: "யூரினை மறந்துவிடு. கர்ப்பத்தில் அது பொய் சொல்லும். ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கும்போதே யூரினில் இறங்கும். வீட்டிலேயே ரத்தத்தைப் பார். தினம் நாலு தடவை."

குவைத்தில் நர்ஸாக இருந்த இன்பராணியின் அக்கா சாந்தகுமாரி இதைக் கேள்விப்பட்டு ஒரு மிஷினை வாங்கி ஆள் மூலம் அனுப்பினாள். பாதிச் செங்கல் அளவு இருந்தது. விரல் நுனியை ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்னப் பட்டையில் விடவேண்டும். மிஷின் 'கீ' என்றதும் ரத்தத்தைத் துடைத்துவிட்டுப் பட்டையை உள்ளே சொருகினால் எண் தெரியும். முதல் தடவை எண் வந்தபோது இன்பராணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி, கூடிருக்கா?" என்றார் தேவநேசன்.

"சரியாத்தான் இருக்கு. இத்தனை வருஷமா எனக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்கே தெரியாமக் கெடந்தேன். இப்பத்தான் கதவைத் தொறந்து காட்டுதாங்க."

மிஷின் ஒரு தடவை வாங்கினால் போதும். பட்டைதான் தீர்ந்துகொண்டே இருந்தது. கரோல் பாக்கில் ஒரு மருந்துக் கடைக்காரர் வெளிநாட்டிலிருந்து தருவித்துக் கொடுப்பார். அவர் சொன்ன விலையைக் கேட்டு தேவநேசன் கடைவாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"மாசாமாசம் சம்பளத்துல பிடிக்குதாங்கள்லா? ஒரு தடவை கேட்டாத்தான் என்ன?" என்றாள் இன்பராணி.

கணக்கு டீச்சருக்கும் எப்போதாவது கணக்கு தப்பும்.

*

வாரியத்தின் துணை இயக்குநர் மாசிலாமணி வேலூர்க்காரர். தமிழ்க் குரலைக் கேட்டதும் எழுந்து நின்று கை கொடுத்தார். "தமிழரா! உக்காருங்க, உக்காருங்க. நம்ம ஆளுங்களுக்கு நான் செய்யாம யார் செய்வாங்க?" என்றார். தில்லியில் இந்த வாக்கியத்தைக் கேட்டவுடன் எழுந்து வந்துவிடுவது நல்லது. தேவநேசன் உட்கார்ந்தார்.

பட்டைக் குப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார் மாசிலாமணி.

"இதுல ரத்தம் விடணுமா? ரத்தம் எங்கேர்ந்து வருது?"

"விரல்லேருந்து சார்."

"யாரோட விரல்?"

"என் வீட்டுக்காரி விரல்."

"குத்தறது யாரு?"

"அவளேதான் சார்."

மாசிலாமணி குப்பியை மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளினார். "தன் கையால, தன் உடம்புல, வேணும்னே."

"சர்க்கரை பாக்கதுக்கு சார்."

"காரணத்தை நான் கேக்கலையே? எங்க விதி என்ன சொல்லுது? தானே வரவழைச்சிக்கிட்ட காயம், குடிபோதையில விழுந்த காயம், கலகத்துல பட்ட காயம், இந்த மூணுக்கும் வாரியம் பொறுப்பில்லை. உங்க மனைவி முதல் வகை. நல்ல வேளை, மத்த ரெண்டுல அவங்க வரலை. அந்த மட்டும் சந்தோஷப்படுங்க."

தேவநேசன் சந்தோஷப்படப் பார்த்தார். முடியவில்லை. "இன்சுலின் ஊசியும் அவளேதான் குத்திக்கிடுதா. அதுக்கு நீங்க மருந்து தாறீங்களே சார்?"

"அது உள்ளே போகுது மிஸ்டர் தேவநேசன். இது வெளியே வருது. உள்ளே போறது சிகிச்சை, வெளியே வர்றது நஷ்டம். இன்ஷூரன்ஸோட அஸ்திவாரமே இதுதான்."

"யூரினும் வெளியதான சார் வருது? அதைப் பாக்கதுக்குக் கொடுக்கீங்க..."

"அது தானா வருது," என்றார் மாசிலாமணி. இருபது வருஷ சர்வீஸ் அந்த மூன்று வார்த்தைகளில் இருந்தது.

ஆனால் அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஒரு வழி சொன்னார். இன்பராணி தன்னைத் தானே குத்திக்கொள்வது உயிரை மாய்த்துக்கொள்ளும் உத்தேசத்தில் அல்ல என்று வாரியத்தின் மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்தால், மேலே பேசலாம்.

மனநல மருத்துவர் மூன்றாம் மாடியில் இருந்தார். லிஃப்ட் அதிகாரிகளுக்கு மட்டும் என்பதால் இன்பராணி ஐந்தாம் மாத வயிற்றோடு படியேறினாள். மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தவளைப் பார்த்து, "படபடப்பு எப்போதும் உண்டா?" என்று இந்தியில் ஆரம்பித்தார் டாக்டர்.

"மாடிப்படி ஏறினா உண்டு."

"விரலைக் குத்தும்போது யார்மேலாவது கோபம் வருகிறதா?"

"முன்னால இல்ல டாக்டர் சாப். இந்தக் கட்டிடத்துக்கு வந்த பிறகு வருது."

டாக்டர் அவளுக்குச் சாதகமாகவே எழுதினார். 'தற்சமயம் இவருக்குச் சாக உத்தேசமில்லை.' தற்சமயம் என்பது அந்த மாதக் கடைசிவரை. அடுத்த மாதம் மறுபடி படியேறி வந்து, இன்னும் உத்தேசமில்லை என்று காட்டிக்கொள்ள வேண்டும்.

சான்றிதழைப் பார்த்த மாசிலாமணிக்கு அடுத்த சந்தேகம் வந்தது. பட்டை என்பது மருந்தா, கருவியா? மருந்து என்றால் உடம்புக்குள் போகவேண்டும். இது போகவில்லை. கருவி என்றால், வேலை முடிந்ததும் வாரியத்திடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஊன்றுகோலை அப்படித்தான் வாங்குகிறார்கள். பட்டையைத் திருப்பிக் கொடுத்தால் அதில் ரத்தம் இருக்கும். ரத்தத்தை வாங்கி வைக்க ஸ்டோர்ஸில் தனி அலமாரி வேண்டும். அலமாரிக்குப் பூட்டு வேண்டும். பூட்டின் சாவி மருத்துவப் பிரிவிடம் இருப்பதா, ஸ்டோர்ஸிடம் இருப்பதா என்பதில் இரண்டு பிரிவும் மோதிக்கொண்டு பேச்சு நின்றது. சாவி விஷயம் தீர்ந்தபின் பூட்டு, பூட்டுக்குப் பின் அலமாரி, அதற்குப் பின் பட்டை என்று மாசிலாமணி ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

"அது தீர்றவரைக்கும்," என்றார், "உங்க மனைவி எங்க டிஸ்பென்ஸரிக்கு வந்து யூரின் கொடுக்கணும். வரலைன்னா ஒத்துழைக்கலைன்னு கேஸை மூடிடுவாங்க. நான் நம்ம ஆளாச்சேன்னு முன்கூட்டியே சொல்றேன்."

*

டிஸ்பென்ஸரி டாக்டர் சோதனைக் குழாயை ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, ஆரஞ்சில் நின்றது. தலையை நிமிர்த்தாமலே, "சர்க்கரை ஏகம். இன்சுலினைக் கூட்டு," என்று எழுதினார்.

"டாக்டர் சாப், கர்ப்பத்துல யூரின் சரியாக் காட்டாதுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க," என்றாள் இன்பராணி.

"அது ஆஸ்பத்திரி யூரின். இது வாரியத்து யூரின்," என்றார் அவர். சொன்னது முட்டாள்தனம் என்பதுகூடத் தெரியாமல், அடுத்த ஆளுக்குக் கை நீட்டினார்.

அந்த வாரம் வீட்டில் ஒரு பட்டைகூட இல்லை. கரோல் பாக் கடைக்காரருக்குச் சரக்கு வரவில்லை. ரத்தம் பார்க்க வழியில்லாமல், கையில் டாக்டர் எழுதிய சீட்டோடு இன்பராணி சமையல்கட்டில் நின்றாள். கூட்டினால் சர்க்கரை அடியோடு இறங்கிப் போகலாம். கூட்டாமல் விட்டு, நிஜமாகவே சர்க்கரை ஏறியிருந்தால்? போன தடவை எட்டாம் மாதம் அசைவு நின்ற அந்தக் காலை அவளுக்கு நினைவு வந்தது. பயம்தான் ஜெயித்தது. சீட்டில் எழுதியபடியே போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.

ஏழாம் வகுப்பில் பின்னக் கணக்கு. கரும்பலகையில் கோடு போட்டவள் கோட்டுக்குக் கீழே என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றாள். புடவையெல்லாம் வேர்வையில் நனைந்துபோயிருந்தது. "மிஸ், க்யா ஹுவா? என்ன ஆச்சு?" என்று முன் பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டது அவள் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் விழவில்லை. அவள்தான் விழுந்தாள்.

தேவநேசன் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது இன்பராணியின் கையில் குளுகோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பெண் டாக்டர் குனிந்து, வயிற்றில் குழலை வைத்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். வெகுநேரம் கேட்டார். தேவநேசன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணப் பார்த்தார்.

"துடிப்பு இருக்கிறது," என்றார் டாக்டர். பிறகு டிஸ்பென்ஸரிச் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதை எழுதியவனை என்னிடம் அனுப்பு," என்றார். அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நர்ஸுகள் அதுவரை கேட்டதில்லை.

அன்று மத்தியானமே தேவநேசன் வாரியத்துக்குப் போனார். பின்வாசல் மூடியிருந்தது. ஜீவியத்தில் முதல் தடவையாக முன்வாசல் வழியாக ஏறினார். காவலாளி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வழியைவிட்டு நின்றான்.

நடந்ததைக் கேட்ட மாசிலாமணியின் முகம் மலர்ந்தது. "அடடே, இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமே! மயக்கத்துக்கு நம்மகிட்ட முழுப் பாதுகாப்பு உண்டு. டாக்ஸி, படுக்கை, குளுகோஸ், எல்லாம் கவர் ஆயிடும். எத்தனை தடவை மயங்கினாலும் சரி."

"சார், அவ மயங்காம இருக்கதுக்குத்தான பட்டை கேக்குதேன்?"

"அதுதான் கஷ்டம். மயங்கினா என்ன செய்யணும்னு விதி இருக்கு. மயங்காம இருக்கறவங்களுக்கு என்ன செய்யணும்னு இல்லை. நல்லா இருக்கற ஒரு ஆளுக்காக வாரியம் எப்படிச் செலவு பண்ணும்? நீங்களே சொல்லுங்க."

"எம் பிள்ளை செத்திருக்கும்வே!" என்று கத்தினார் தேவநேசன்.

ஹால் முழுக்கத் தட்டச்சு நின்றது. ஊரில் ஒத்த ஆளைக் கூப்பிடுகிற 'வே'யைத் துணை இயக்குநரிடம் போட்டுவிட்டது தேவநேசனுக்கே பிறகுதான் உறைத்தது. வேலூர்க்காரருக்கு அது புரியவில்லை, சத்தம் மட்டும் புரிந்தது. சத்தத்துக்கு அந்தக் கட்டிடத்தில் மதிப்பு உண்டு. அவர் எழுந்து வந்து தேவநேசன் தோளில் கை போட்டார்.

"கோவப்படாதீங்க. அடுத்த வாரம் எங்க ஆண்டு விழா. சேர்மன் கோஸ்லா சாப் வர்றார். அவர் முன்னாடியே மிஷினை வெச்சி உங்க மனைவி செஞ்சி காட்டட்டும். அவர் தலையாட்டிட்டா எல்லாம் முடிஞ்சது."

*

விழாவுக்குள் பட்டை வந்துவிட்டது. சாந்தகுமாரியோடு வேலை பார்க்கிற ஒரு நர்ஸ் லீவில் ஊருக்குப் போகிற வழியில் தில்லியில் இறங்கி, இரண்டு குப்பிகளைக் கொடுத்துவிட்டுப் போனாள். "ஒண்ணுகூட வீணாக்காதன்னு அக்கா சொல்லச் சொன்னாங்க," என்றாள்.

விழா மேடையில் சாமந்தி மாலைகள். வாரியத்தின் மருத்துவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் முன்வரிசையில் சோபா; நோயாளிகளுக்குச் சுவரோரம் நிற்க இடம். ஆளுக்கொரு தட்டில் இரண்டு லட்டு, ஒரு ஜிலேபி, ஒரு சமோசா வந்தன. நோயாளிகளின் உடல்நலம் கருதி அவர்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை.

கோஸ்லா கனத்த மனிதர். அடிக்கடி தண்ணீர் குடித்தபடி பேசினார்.

"நண்பர்களே! இந்த வாரியம் தொடங்கியதிலிருந்து வீட்டில் ரத்தம் பார்ப்பதற்காக நாங்கள் ஒரு பைசா கொடுத்ததில்லை. ஏன்? யாருக்கும் தேவைப்படவில்லை! எங்கள் முன் அனுமதியோடு ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. அனுமதியில்லாமல் கேட்டவர்களை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. அனுமதி கேட்டவர்களுக்கு நாங்கள் அனுமதி கொடுத்ததில்லை. ஆகவே, நம் ஊழியர்களுடைய சர்க்கரை முழுக் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று ஆகிறது."

கைதட்டல். ஒரு டம்ளர் தண்ணீர்.

"நோயாளிகளே வராத ஒரு வாரியம், அதுதான் என் கனவு. இந்த வருஷம் அந்தக் கனவை நெருங்கிவிட்டோம். பின்வாசலைப் பதினோரு மணிக்கே மூடத் தொடங்கியிருக்கிறோம். வருகிறவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். நாட்டில் நோய் குறைகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?"

கைதட்டி முடித்ததும் எல்லாரும் ஜில்லென்ற கமிட்டி அறைக்குப் போனார்கள். நீள மேஜையின் ஒரு முனையில் இன்பராணி மிஷினை வைத்தாள். ஏழாம் மாதம். நாற்காலி கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அவளே ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

தன் விரலைத்தான் குத்திக் காட்டப் போனாள். நிதி ஆலோசகர் தடுத்தார். நோயாளியின் மிஷினில் நோயாளியின் ரத்தம் சரியாகத்தானே காட்டும்? வேறு ஆளுடைய ரத்தத்தில் காட்டினால்தான் பரீட்சை. மாசிலாமணி உடனே தன் விரலை நீட்டினார். பார்வை மட்டும் சேர்மன்மேல் இருந்தது.

மிஷின் 'கீ' என்றது. நூற்று எண்பத்தாறு.

நிதி ஆலோசகர் நீட்டினார். இருநூற்று முப்பது.

சேர்மன் சும்மா இருப்பது முறையாகாது. தடித்த விரலை மேஜைமேல் வைத்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மிஷின் யோசித்தது. முந்நூற்று நாற்பது.

"வாஹ், சார்!" என்று மாசிலாமணி கைதட்டிவிட்டார். "எல்லாரையும்விட நீங்கள்தான் சார் அதிகம்!"

சேர்மன் அடக்கமாகச் சிரித்தார். நிதி ஆலோசகரும் கைதட்டினார். இரண்டு மூன்று பேர் எழுந்தே நின்றார்கள்.

"சார்," என்றாள் இன்பராணி, "இது மார்க் இல்ல. நூத்து நாப்பதுக்குள்ள இருக்கணும். கூடினா வியாதி."

கைதட்டிய கைகள் மெல்லக் கீழே இறங்கின. அந்த நேரம் பார்த்து டீ டம்ளர்களை எடுக்க வந்த பியூனைப் பிடித்து, மிஷின் எல்லாருக்கும் இப்படித்தான் கூட்டிக் காட்டுகிறதா பார்க்கலாம் என்றார் நிதி ஆலோசகர். பியூனுக்குத் தொண்ணூற்று இரண்டு.

"பியூனுக்குத் தொண்ணூற்று இரண்டு," என்றார் சேர்மன் மெதுவாக. "எனக்கு முந்நூற்று நாற்பது."

"மிஷின் கெட்டுப் போயிருக்கிறது சார்," என்றார் மாசிலாமணி. "பார்த்தாலே தெரிகிறது. ஆள் யார் என்றே அதற்குத் தெரியவில்லை."

"என்னுடையதை இன்னொரு தடவை பார்க்கவேண்டும்," என்றார் நிதி ஆலோசகர் பதற்றத்தோடு. "சேர்மன் சாபைவிட எனக்கு நல்லதாக வந்திருக்கிறது. அது சரியாக இருக்காது."

மேஜையைச் சுற்றி எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாரும் இன்பராணியை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கடைசியில் ஏகமனதாக முடிவு செய்தார்கள்: 'இக்கருவி பதவி வித்தியாசம் பாராமல் இயங்குவதால் வாரியத்தின் உபயோகத்துக்கு நம்பகமானதல்ல. எனவே அதற்கான பட்டைகளும் நம்பகமானவையல்ல.'

இன்பராணி மிஷினைப் பையில் வைத்தாள். நாலு பட்டை வீணாகிவிட்டது என்பதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மாடிப்படியருகே தேவநேசன் அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்தபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சேர்மன். சுற்றிலும் பார்த்துக்கொண்டு தாழ்ந்த குரலில் கேட்டார்: "மகளே, அந்த எண்... நிஜமா?"

"நிஜம் சார்."

"தாகம் அடங்குவதேயில்லை. பாதம் மரத்துப் போகிறது. வயசு என்று நினைத்தேன்." அவர் இப்போது மேடையில் பார்த்த ஆள் போலவே இல்லை. "அந்தப் பட்டையில் ஒரு பத்து கொடுத்துவிட்டுப் போகிறாயா? யாருக்கும் தெரிய வேண்டாம்."

இன்பராணியின் மனதில் இரக்கம் வரத்தான் செய்தது. அதோடு வேறொன்றும் வந்தது.

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க சார். தள்ளிப்போடாதீங்க. இந்த லட்டு, ஜிலேபியெல்லாம் இன்னையோட விட்டுருங்க. பட்டை தரமாட்டேன். அது எம் பிள்ளைக்கு."

"விலை கொடுக்கிறேன்."

"வாரியத்துக்கு எழுதிக் கேளுங்க சார். முதல்ல மூணாம் மாடி டாக்டர்கிட்ட, சாக உத்தேசமில்லன்னு ஒரு சர்டிஃபிகேட் வாங்கணும். ஆனா உங்களுக்கு லிஃப்ட் உண்டு."

அவளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்த தேவநேசன், பஸ் ஸ்டாப்பில் நின்றபோது தன்னை மீறிச் சிரித்துவிட்டார். "ஏ ராணி, சேர்மன்ட்ட போய் அப்படிச் சொல்லிட்டியே!"

"பின்ன என்னங்க? அந்த மனுஷன் நல்லா இருக்கட்டும். எம் பிள்ளையை வெச்சு நல்லா இருக்க வேண்டாம்."

அடுத்த மாதமே சேர்மன் அறைக்கு ஒரு மிஷினும், ஒரு பெட்டி நிறையப் பட்டையும் வந்து இறங்கின. விருந்தினர் உபசாரச் செலவில் வாங்கினார்களாம். இதை மாசிலாமணிதான் பெருமையாகச் சொன்னார். "பாத்தீங்களா, வாரியம் முன்னேறிட்டிருக்கு. மேலேர்ந்து ஆரம்பிச்சாச்சு. உங்க வரிசைக்கு வர்றதுக்குக் கொஞ்ச காலம் ஆகும்."

*

அந்தக் கொஞ்ச காலம் வயிற்றிலிருந்த குழந்தைக்குத் தெரியாது. தேவநேசன் மேல்முறையீடு ஒன்றை எழுதிப் போட்டுவிட்டு அதோடு வாரியத்தை மறந்தார். கோயிலில் ஞாயிறு ஆராதனைக்கு வருகிற நர்ஸுகள், எங்கேயாவது யாராவது வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள் என்றால் சொல்லியனுப்பி வாங்கிக் கொடுத்தார்கள். அப்படியும் போதவில்லை. இன்பராணி பட்டையை நீளவாக்கில் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினாள். வெட்டின பட்டை மிஷினுக்குள் போகாது. குப்பியின்மேல் ஒட்டியிருந்த நிறங்களோடு வைத்துக் கண்ணால் ஒப்பிட வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் புருஷனும் பெண்சாதியும் தலையோடு தலை முட்டிக்கொண்டு, இது இளம்பச்சையா, கரும்பச்சையா என்று வாதாடுவார்கள். விரல் நுனிகள் பத்தும் காய்த்துப்போய், சாக்பீஸ் பிடித்தால் வலித்தது.

எட்டாம் மாதம் வந்தது. அந்த மாதம் முழுக்க தேவநேசன் காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் அவள் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பார். உதை விழுந்த பிறகுதான் எழுந்து போவார்.

ஆப்பரேஷன் பண்ணித்தான் எடுத்தார்கள். வராந்தாவில் நின்றவருக்குக் கதவுக்கு உள்ளேயிருந்து ஓர் அழுகை கேட்டது. அது தன் பிள்ளையின் சத்தம்தானா, பக்கத்து அறைப் பிள்ளையின் சத்தமா என்று நம்பமாட்டாமல் அவர் கதவிலேயே காதை வைத்துக்கொண்டு நின்றார். பெண் டாக்டர் வெளியே வந்து அவர் முட்டிக்கொள்ளாமல் இருக்க ஒதுங்கி, "பெண். நன்றாக இருக்கிறது. இருவரும்," என்றார். தேவநேசன் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதார். செலின் என்று பேர் வைத்தார்கள்.

குழந்தைக்கு முகம் பார்த்துச் சிரிக்கிற பருவம் வந்தபோது, ஒரு காலையில் ஆர்.கே.புரம் வீட்டுக் கதவைத் தட்டினார் வாரியத்தின் கள விசாரணை அதிகாரி. பெயர் திரிலோக் சந்த். தேவநேசனின் மேல்முறையீடு ஏற்றுக்கொள்ளப்பட்டு, நேரடி விசாரணைக்கு வந்திருந்தது. அவர் உட்கார்ந்து, வேர்வையைத் துடைத்து, வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"கர்ப்பிணி எங்கே?"

"நான்தான்," என்றாள் இன்பராணி, மடியில் குழந்தையோடு.

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "பார்த்தால் தெரியவில்லையே."

"பிரசவம் ஆயிருச்சுங்க. இதுதான் பிள்ளை."

"குழந்தை என்னுடைய விசாரணையில் வராது அம்மா. கர்ப்ப காலத்துக்காகப் பட்டை கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கர்ப்பமாக இருக்கிறீர்களா இல்லையா என்று பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது இருக்கிறீர்களா?"

"இல்லை."

திரிலோக் சந்த் வருத்தத்தோடு பேனாவைத் திறந்தார். ஊழியர்கள் இப்படிப் பொய் சொல்லிக் கேட்பதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அலுத்துப்போயிருந்தது. 'நேரில் சென்று பார்த்ததில் விண்ணப்பதாரர் கர்ப்பமாக இல்லை என்று உறுதியாகிறது. கோரிக்கை உண்மைக்குப் புறம்பானது' என்று எழுதி, கீழே கையெழுத்துக்காக நீட்டினார்.

"ராணி, போடாத! பொய் கேஸுன்னு வேலைக்கே உலை வெச்சிருவாங்க," என்று தேவநேசன் சமையல்கட்டிலிருந்து பதறிக்கொண்டு வந்தார்.

"இதுல என்னங்க பொய் இருக்கு? அந்தக் கட்டிடத்துலேருந்து வந்த முத உண்மை இதுதான். பிள்ளையைப் பிடிங்க."

செலினை அவர் கையில் கொடுத்துவிட்டு, கர்ப்பமாக இல்லை என்ற அந்த வரிக்குக் கீழே இன்பராணி கையெழுத்துப் போட்டாள். சிரிப்பை அடக்க முடியாமல் எழுத்து கோணலாக விழுந்தது. திரிலோக் சந்த் அதை ஊதிக் காயவைத்து மடித்துக்கொண்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டதற்காக அவளைப் பாராட்டிவிட்டுப் போனார்.